காலி இடமும் ஓர் எண்ணெய்க் கறையும்

பழைய காரைத் திருட எந்த எலக்ட்ரானிக் வித்தையும் தேவையில்லை. காப்பாற்றவும் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் ஆர்.சி. புத்தகம் காலாவதியாகிவிட்டால் எந்தப் பூட்டும் கைகொடுக்காது.

இரவு மழை பெய்திருந்தால் விஷயம் சட்டென்று புரிந்துவிடும். தெரு முழுவதும் நனைந்திருக்க, வீட்டு வாசலில் பதினான்கு அடி நீளத்துக்கு ஒரு செவ்வகம் மட்டும் உலர்ந்து கிடக்கும். அதன் நடுவே, பல வருடங்களாகச் சொட்டிச் சொட்டி ஊறிப்போன எஞ்சின் ஆயில் கறை. அம்பாசிடர் நின்ற இடம் அது. மழை இல்லாத நாளென்றால் உரிமையாளருக்கு இன்னும் சில நிமிடங்கள் பிடிக்கும். மகன் எடுத்துப் போயிருப்பானோ? மெக்கானிக் வந்து ஓட்டிச் சென்றிருப்பாரோ? டெல்லி என்றால், வயதான வண்டி என்று அதிகாரிகள் இழுத்துப் போயிருப்பார்களோ என்ற சந்தேகமும் உண்டு. திருட்டு என்ற எண்ணம் இந்த வரிசையில் கடைசியாகத்தான் வரும். இந்தக் காரைப் போய் யார் திருடுவார்கள்?

அந்த நினைப்புதான் திருடனின் முதல் மூலதனம். புதிய காரை வாங்கியவர் அதை அலாரம், கேமரா, காவலாளி என்று சுற்றி வளைத்து வைக்கிறார். தாத்தா வாங்கிய ஃபியட்டையோ, அப்பா ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் வாங்கிய மாருதி 800ஐயோ வைத்திருப்பவர் அதன் மேல் ஓர் உறையைப் போர்த்திவிட்டுத் தூங்கப் போகிறார். உறை வெயிலையும் பறவை எச்சத்தையும் தடுக்கும். திருடனைத் தடுக்காது. சொல்லப்போனால், உள்ளே இருப்பது சாதாரண வண்டி அல்ல என்பதையும், அது நாள்கணக்கில் அசையவில்லை என்பதையும் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் அறிவிப்பதே அந்த உறைதான்.

இந்தியச் சாலைகளை ஆண்ட கார்கள் ஒவ்வொன்றாக உற்பத்தியிலிருந்து விடைபெற்றுவிட்டன. சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலில் போனது. மும்பை குர்லாவில் பிறந்த பிரீமியர் பத்மினி இந்த நூற்றாண்டின் தொடக்கத்துடன் நின்றது. 2014 ஜனவரியில் மாருதி 800, அதே வருடம் மே மாதத்தில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவிலிருந்து வந்துகொண்டிருந்த அம்பாசிடர். மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளில் கடைசி வண்டி 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றபோது நகரமே கூடி வழியனுப்பியது. புதிதாக இனி ஒன்று வரப்போவதில்லை என்பதால், இருப்பவற்றின் மதிப்பு கூடுகிறது. மதிப்பு கூடுவது உரிமையாளருக்குத் தெரிவதற்கு முன்பே காயலான் கடைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது.

எடைக்கு ஒரு விலை, பாகத்துக்கு ஒரு விலை

பழைய காரைத் திருடுகிறவர்கள் இரண்டு வகை. அபூர்வமான காரைத் தேடி வருபவன் ஒருவன். 1930களின் ஆஸ்டினோ, மகாராஜா ஒருவரின் கேரேஜில் இருந்த பேக்கார்டோ அவனுக்கு இலக்கு. ஆனால் இவனைக் கண்டு அதிகம் பயப்படத் தேவையில்லை. அந்தக் கார்கள் சங்கங்களின் பதிவேடுகளில் இருக்கின்றன. டெல்லியிலும் கொல்கத்தாவிலும் 1960கள் முதல் நடந்துவரும் ஸ்டேட்ஸ்மேன் விண்டேஜ் கார் ஊர்வலத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பலருக்கு எந்த நம்பர் எந்த வீட்டு வண்டி என்பது அத்துப்படி. திருடினாலும் வெளியே காட்ட முடியாது.

இன்னொருவன் காரைக் காராகவே பார்ப்பதில்லை. அவனுக்கு அது சுமார் ஒரு டன் இரும்பு, ஒரு எஞ்சின், ஒரு கியர் பாக்ஸ், நான்கு கதவுகள். சில மணி நேரத்தில் அது அத்தனையும் தனித்தனியாகிவிடும். நவீன கார் திருடு போனால் வேறு நம்பரில் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும், என்றாவது கிடைக்கலாம் என்ற நப்பாசையாவது உண்டு. உடைத்த அம்பாசிடருக்கு அதுவும் இல்லை.

இந்தத் தொழிலின் தலைநகரம் என்று பல வருடங்கள் பெயர் எடுத்திருந்தது உத்தரப்பிரதேசத்தின் மீரட் நகரில் உள்ள சோதிகஞ்ச். வட இந்தியாவில் காணாமல் போன வண்டிகள் துண்டு துண்டாகச் சேரும் இடம் என்பது போலீசுக்கும் தெரியும், பொதுமக்களுக்கும் தெரியும். 2021இல் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் வியாபாரிகளின் சொத்துக்களைப் போலீஸ் முடக்கத் தொடங்கியது. அந்த வருடம் டிசம்பரில் கடைகள் மொத்தமாக மூடப்பட்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய கார் பிரியர்களில் ஒரு பகுதியினர் அந்தச் செய்தியைக் கேட்டு வருந்தினார்கள். எங்கும் கிடைக்காத அம்பாசிடர் பிரேக் பாகமும், பழைய ஜீப்பின் கியர் பாக்ஸும் அங்கே கிடைக்கும். ஒருவர் தன் காருக்கு உயிர் கொடுக்க வாங்கிய கதவு, இன்னொருவர் வாசலில் இருந்து கழன்றதாக இருக்கலாம் என்ற கேள்வியை யாரும் உரக்கக் கேட்டதில்லை.

கேள்வி கேட்காமல் உடைப்பது இந்தச் சந்தைகளின் பொதுக் குணம். டெல்லி மாயாபுரியில் 2010இல் நடந்ததை மறந்திருக்க முடியாது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்று ஏலத்தில் விட்ட பழைய கருவியை இரும்பு என்று நினைத்துப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட் 60. கதிரியக்கத்தால் தொழிலாளி ஒருவர் இறந்தார். கையில் வந்தது என்னவென்றே பார்க்காத இடத்தில், யாருடையது என்று பார்ப்பார்களா?

2021 செப்டம்பரில் வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் ஒவ்வொரு வண்டியும் திருட்டு வண்டியா என்று தேசியக் குற்றப் பதிவேட்டு ஆவணத்தின் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் திருடன் அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கு ஏன் போகப்போகிறான்?

சாவி என்பது சம்பிரதாயம்

அம்பாசிடரின் சாவியைப் பற்றிப் பழைய டிரைவர்களிடம் ஒரு கதையாவது இருக்கும். தேய்ந்த சாவி ஒன்று இருந்தால் பக்கத்தில் நிற்கும் வண்டியும் திறக்கும் என்பது அந்தக் கதைகளின் சாரம். இதில் மிகை அதிகமில்லை. அன்றைய பூட்டுகள் எளிமையானவை. உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் முப்பது நாற்பது வருடங்களில் தேய்ந்து, ஏறக்குறைய எந்தச் சாவிக்கும் இணங்கிப்போகும் பக்குவத்துக்கு வந்திருக்கும். கதவின் முன்பக்கம் இருக்கும் முக்கோணக் கண்ணாடி இன்னொரு பலவீனம். காற்றுக்காக வைக்கப்பட்ட அதன் கொக்கி தளர்ந்திருந்தால், வெளியிலிருந்து தள்ளித் திறந்து கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்துவிடலாம். பத்மினிக்கும் இதே கதைதான்.

உள்ளே வந்தபின் தடுப்பதற்கு எதுவும் இல்லை. சாவியின் சிப்பை அடையாளம் கண்டால்தான் எஞ்சின் உயிர்பெறும் என்ற ஏற்பாடு ஐரோப்பாவில் புதிய கார்களுக்குக் கட்டாயமானதே 1998இல்தான். அதற்கு முந்தைய கார்களில் இக்னிஷன் சுவிட்ச் என்பது வெறும் சுவிட்ச். விளக்கைப் போடுவதற்கும் காரைக் கிளப்புவதற்கும் மின்சாரத்தைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. பல பழைய மாடல்களில் ஸ்டீயரிங் பூட்டும் கிடையாது. ஸ்டார்ட் செய்யக்கூட வேண்டியதில்லை. கியரை விடுவித்துவிட்டால் மூன்று பேர் மாருதி 800ஐச் சத்தமில்லாமல் தெருமுனை வரை தள்ளிச் சென்றுவிடலாம். அங்கே ஒரு மினி லாரி காத்திருக்கும். லாரியில் ஏறிய கார், சுங்கச்சாவடியில் தன் பெயரில் எந்தத் தடயத்தையும் விடாது.

இத்தனைக்கும், இன்றைய திருடர்கள் கற்றுக்கொண்டிருக்கும் நவீன வித்தைகள் எதுவும் இந்தக் கார்களிடம் பலிக்காது. சாவியின் ரேடியோ அலையை வீட்டுச் சுவருக்கு வெளியிலிருந்து பிடித்து நீட்டித்து விலை உயர்ந்த வண்டிகளைத் திறக்கிறார்கள். 1968 மாடல் ஃபியட்டிடம் நீட்டிக்க அலை எதுவும் இல்லை. ஏமாற்ற கம்ப்யூட்டரும் இல்லை. பழைய காரின் பாதுகாப்பு முழுக்க முழுக்க இரும்பும் செம்புக் கம்பியும் சம்பந்தப்பட்ட விவகாரம். இது ஒரு வகையில் உரிமையாளருக்குச் சாதகம்.

பாக்கெட்டில் ஒரு ரோட்டர்

1940இல் ஜெர்மானியப் படை வந்திறங்கிவிடுமோ என்று பிரிட்டன் அஞ்சியபோது, காரை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் அதை ஓடாதபடி செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அப்போது பலர் செய்த காரியம், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனது. கட்டை விரல் அளவே உள்ள அந்தச் சிறு துண்டு இல்லாவிட்டால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் போகாது. எஞ்சின் எத்தனை முறை சுற்றினாலும் பற்றாது. அந்தப் பிரிட்டிஷ் கார்களின் வாரிசுதான் அம்பாசிடர். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறவி. எனவே அந்த உபாயம் இதற்கும் அப்படியே பொருந்தும். இரண்டு கிளிப்புகளை நெம்பி, மூடியை நகர்த்தி, ரோட்டரை மேலே இழுத்தால் போதும். அரை நிமிட வேலை.

ஒரு குறை உண்டு. அம்பாசிடரைத் திருடவே கிளம்பியவன் தன் பையில் ஒரு ரோட்டரைக் கொண்டுவருவது பெரிய காரியமல்ல, மலிவான பொருள்தான். யாரும் கேள்விப்படாத 1930களின் பிரெஞ்சு மாடலுக்கு அது நடக்காது. கார் எவ்வளவு அபூர்வமோ அவ்வளவுக்கு இந்த உபாயம் பலமாகிறது.

ரகசிய சுவிட்ச் அடுத்த கட்டம். இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரை நடுவில் வெட்டி, அதில் ஒரு சுவிட்சைச் சேர்ப்பது எந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனும் செய்யக்கூடிய வேலை. அதை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது திருடனின் முதல் வேலை, ஆகவே அங்கே வைப்பதில் பயனில்லை. அந்தக் காலக் கார்களின் டாஷ்போர்டில் இழுக்கும் குமிழ்கள் வரிசையாக இருக்கும். சோக்குக்கு ஒன்று, வைப்பருக்கு ஒன்று, என்றோ கழற்றி எறியப்பட்ட பனி விளக்குக்கு ஒன்று. அந்தப் பயனற்ற மூன்றாவது குமிழுக்கே புது வேலை கொடுத்துவிட்டால், கண்ணெதிரே இருப்பது யாருக்கும் தெரியாது. காரின் தோற்றமும் கெடாது. அசல் தன்மையில் பிடிவாதமாக இருப்பவர்கள் டாஷ்போர்டில் ஒரு துளை போடுவதைவிடக் காரை இழப்பதே மேல் என்று நினைக்கக்கூடியவர்கள். அவர்களுக்கும் இது ஆட்சேபமில்லாத வழி.

பெட்ரோல் குழாயில் ஒரு சின்னத் திருகு வால்வு வைப்பதும் பழைய பழக்கம். இதில் ஒரு விசித்திரம் உண்டு. வால்வை மூடினாலும் கார் கிளம்பிவிடும். கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கியிருக்கும் பெட்ரோல் தீர்ந்ததும் சில நூறு மீட்டரில் நடுத்தெருவில் நின்றுபோகும். பானெட்டைத் தூக்கி ஆராயத் திருடனுக்கு அவகாசம் இருக்காது. விட்டுவிட்டு ஓடுவதற்கே வாய்ப்பு அதிகம். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சுக்கு இன்னொரு புண்ணியமும் உண்டு. பழைய வயர்களில் மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடிக்கும் ஆபத்தையும் அது தடுக்கிறது. இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எதிரி, உரிமையாளரின் வாய். புது டிரைவர், காரைக் கழுவ வரும் பையன், ஊர்வலத்தில் பாராட்டிப் பேசும் அன்பர் என்று எல்லோரிடமும் சாமர்த்தியத்தைக் காட்டினால் சுவிட்ச் ரகசியம் அல்ல.

கடையில் விற்கும் பூட்டுகளில் பல, பழைய கார்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இந்தியாவில் மிகவும் பிரபலமான கியர் லாக், தரையில் இருக்கும் கியர் கம்பியைப் பிணைப்பது. அம்பாசிடரிலும் பத்மினியிலும் பெரும்பாலான வண்டிகளுக்குக் கியர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கிறது. ஸ்டீயரிங்கின் குறுக்கே மாட்டும் இரும்புத் தடியும் யோசித்து வாங்க வேண்டிய பொருள். அக்காலத்து ஸ்டீயரிங் வளையங்கள் பெரியவை, மெல்லியவை, வயதால் வெடிப்பு விட்டவை. பூட்டைத் திருடன் உடைக்கிறானோ இல்லையோ, வளையத்தைப் பூட்டு உடைத்துவிடும். ஸ்டீயரிங்கையும் கிளட்ச் பெடலையும் சேர்த்துப் பிணைக்கும் நீளமான கொக்கிப் பூட்டு ஓரளவு பொருந்தும். உரசும் இடத்தில் துணியோ ரப்பரோ சுற்ற வேண்டும். சக்கரத்தைக் கவ்விப்பிடிக்கும் மஞ்சள் நிறக் கிளாம்ப் அழகில்லைதான். ஆனால் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கும் இழுத்துக்கொண்டு போகிறவனுக்கும் அது ஒரே பதிலைச் சொல்கிறது.

ஹேண்ட் பிரேக் விஷயத்தில் உரிமையாளர் இருதலைக் கொள்ளி எறும்பு. போட்டு வைத்தால் காரை நகர்த்துவது கடினம். ஆனால் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் போட்டே வைத்தால் பின் சக்கர டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டு, பிறகு உரிமையாளராலும் நகர்த்த முடியாது. மாதக்கணக்கில் ஊரில் இல்லாதவர்கள் காரை ஸ்டாண்டுகள் மேல் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது இரண்டு பிரச்சினைக்கும் தீர்வு. டயர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாவதும் நிற்கும். வேலை அதிகம் என்பதால் சிலரே செய்கிறார்கள்.

இப்போது பலரும் நம்புவது ஜி.பி.எஸ். கருவியை. நம்பலாம். ஆனால் மாட்டும் எலெக்ட்ரீஷியன் பழைய கார் தெரிந்தவராக இருக்க வேண்டும். கருவிகள் பொதுவாக 12 வோல்ட்டுக்கும், பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியுடன் இணைக்கப்பட்ட கார்களுக்கும் செய்யப்பட்டவை. 1960களுக்கு முந்தைய பல கார்கள் 6 வோல்ட்டில் ஓடுபவை. பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியுடன் சேர்ந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாட்டினால் கருவி அந்த இடத்திலேயே கருகிவிடும். சரியாக மாட்டினாலும், டைனமோ வைத்த காரின் பேட்டரியை நிற்கும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். மூன்று வாரம் கழித்துக் காரும் கிளம்பாது, கருவியும் பேசாது. தனக்கென பேட்டரி உள்ள கருவியே பழைய காருக்கு உகந்தது. கெட்டியான இரும்பு டிக்கிக்குள் வைத்தால் சிக்னல் வராது என்பதையும் கவனிக்க வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டும் நாணய அளவுக் கருவிகளைச் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கு இடையே ஒளிப்பவர்களும் உண்டு. ஆனால் அவை யாரையும் ரகசியமாகப் பின்தொடரப் பயன்படக்கூடாது என்பதற்காக, கூடவே பயணம் செய்யும் அந்நியரின் செல்போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். அந்த அந்நியர் திருடனாகவும் இருக்கலாம்.

முழுக் கார் போவதைவிட அடிக்கடி நடப்பது சில்லறைத் திருட்டு. வீல் கப், பக்கவாட்டுக் கண்ணாடி, ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள பளபளப்பான வளையம், பானெட் முனையில் நிற்கும் சின்னம். ரோல்ஸ்ராய்ஸ் வைத்திருப்பவர்கள் அந்தப் பறக்கும் பெண்ணுருவைக் கழற்றி வீட்டில் பூட்டிவிட்டு, ஊர்வலத்தன்று மட்டும் மாட்டுவது இதனால்தான். திருட்டு தெருவில்தான் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. புதுப்பிக்கும் வேலைக்காக ஒர்க்ஷாப்பில் விட்ட கார் வருடக்கணக்கில் அங்கே கிடப்பது சகஜம். போகும்போது அசல் எஸ்.யு. கார்புரேட்டரும், ஸ்மித்ஸ் மீட்டரும், சென்னை பாடியில் தயாரான லூகாஸ் டி.வி.எஸ். டைனமோவும் இருந்த காரில், திரும்பும்போது அந்த இடங்களில் வேறு ஏதேதோ உட்கார்ந்திருக்கும். காரை விடும் முன் ஒவ்வொரு பாகத்தையும் அதன் நம்பர் தெரியும்படி படம் எடுத்து, பட்டியல் போட்டு, ஒர்க்ஷாப்காரரிடம் கையெழுத்து வாங்குவதில் வெட்கப்பட ஏதுமில்லை. நேர்மையான மெக்கானிக் அதைத் தனக்கும் பாதுகாப்பு என்றே எடுத்துக்கொள்வார்.

காகிதப் பூட்டு

உண்மையில் பழைய காரின் ஆகப் பெரிய ஓட்டை கதவில் இல்லை, பீரோவில் இருக்கிறது. தனியார் காரின் பதிவு பதினைந்து வருடங்களுக்குச் செல்லும். பிறகு ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முன்பு ரூ.600 ஆக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ.5,000 ஆனது. இருபது வருடங்களைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது ரூ.10,000 ஆக்கப்பட்டது. மாநில வரி, ஆய்வு, அலைச்சல் எல்லாம் தனி. மாதம் ஒருமுறை தெருமுனை வரை போய்வரும் வண்டிக்கு இது எதற்கு என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். டெல்லிப் பகுதியில் நிலைமை இன்னும் சிக்கல். பதினைந்து வருடங்களைத் தாண்டிய பெட்ரோல் கார்களையும் பத்து வருடங்களைத் தாண்டிய டீசல் கார்களையும் தடுத்த பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, பல வண்டிகள் ஒரே நாளில் காகிதத்தில் செத்துப்போயின. உடலோடு இருந்தன, உரிமையோடு இல்லை.

அப்படிப்பட்ட கார் திருடு போனால் என்ன ஆகும்? ஜோத்பூரில் விருந்தினர் விடுதி ஒன்றின் வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஒரு புது பொலேரோ 2011 ஜூலையில் காணாமல் போனது. அதன் தற்காலிகப் பதிவு முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. இன்சூரன்ஸ் பணம் கேட்டு நடந்த வழக்கு பத்து வருடங்களுக்குப் பின், 2021 செப்டம்பரில், உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் பயன்படுத்தியது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறியது. பணம் கிடையாது என்றது தீர்ப்பு. சில நாட்கள் தவறிய புது வண்டிக்கே இந்தக் கதி என்றால், 2009லேயே பதிவு முடிந்துபோன பத்மினியின் உரிமையாளர் எதை எதிர்பார்க்க முடியும்? அவர்களில் சிலர் போலீஸ் நிலையத்துக்குப் போகவே தயங்குவதற்கும் இதுதான் காரணம்.

பதிவு ஒழுங்காக இருந்தாலும் இன்சூரன்ஸ் ஒழுங்காக இருப்பதில்லை. சட்டம் கேட்கிறதே என்று பழைய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுக்கிறார்கள். வண்டி யார் மேலாவது மோதினால் அது உதவும். வண்டியே காணாமல் போனால் உதவாது. ஐந்து வருடங்களைத் தாண்டிய காருக்கு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான் காப்பீட்டு மதிப்பு. பேசாமல் கையெழுத்துப் போட்டால் காயலான் கடை விலைதான் பாலிசியில் ஏறும். லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்த காருக்குப் பில்களையும் படங்களையும் மதிப்பீட்டாளரின் சான்றையும் வைத்துச் சண்டை போட வேண்டியது உரிமையாளரின் வேலை. திருட்டு நடந்தபின் நிறுவனம் கேட்கும் பொருட்களில் ஒன்று இரண்டு சாவிகளும். அம்பாசிடரின் இரண்டாவது சாவியைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று நினைவிருப்பவர்கள் குறைவு.

தகவல் சொல்லும் நேரமும் முக்கியம். திருடு போன டிராக்டர் ஒன்று தொடர்பான வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆறுதல் கொடுத்தது. போலீசில் உடனே புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டால், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது. முதல் ஓட்டம் போலீஸ் நிலையத்துக்கு என்பது இதன் பொருள். நண்பர்களிடம் விசாரித்துக்கொண்டே இரண்டு நாள் கழிப்பவர்களுக்கு இந்த ஆறுதல் கிடையாது.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருடங்களைத் தாண்டி, அசல் வடிவில் இருக்கும் வண்டிகள் ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்களுடன் தனி நம்பர் பெறலாம். கட்டணம் ரூ.20,000, பத்து வருடங்களுக்குச் செல்லும். கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது தவிர அன்றாடப் போக்குவரத்துக்கு அனுமதி இல்லை. திருட்டைப் பொறுத்தவரை இதன் நன்மை, காரின் அடையாளம் உறுதியாக ஒரு பதிவேட்டில் ஏறுவது. ஆனால் 1983 டிசம்பரில் முதல் முதலாக வந்த மாருதிக்கும், எண்பதுகளின் பத்மினிக்கும் இன்னும் ஐம்பது ஆகவில்லை. புதியவையும் இல்லை, புராதனமும் இல்லை. தெருவோரங்களில் பாதுகாப்பில்லாமல் நிற்பவை பெரும்பாலும் இந்த நடுத்தர வயதுக் கார்கள்தான்.

அடையாளம் என்பது பழைய கார்களில் ஒரு பித்தளைத் தகடும் இரண்டு ஆணிகளும். சாசிஸ் நம்பர் பொறித்த அந்தத் தகட்டைப் பெயர்த்து வேறு வண்டியில் அறையலாம். உடைத்த காரின் ஆர்.சி. புத்தகம் தனியாக விலை போவது இதற்காகவே. செத்த காரின் பெயரில் திருட்டுக் கார் வாழ ஆரம்பிக்கும். அதனால், காரின் உள் மறைவிடங்கள் இரண்டு மூன்றில் தன் நம்பரைத் தானே பொறித்து வைப்பதும், எல்லாக் கண்ணாடிகளிலும் அரித்து எழுதுவதும் சில நூறு ரூபாய்ச் செலவில் முடியும் உருப்படியான காரியங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர் தகட்டை மட்டும் பார்க்காமல், ஃபிரேமில் அடித்திருக்கும் எண், எஞ்சின் எண், ஆர்.சி. மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். குற்றப் பதிவேட்டு ஆவணத்தின் ‘வாகன் சமன்வய்’ பட்டியலில் திருட்டு வண்டியா என்று தேடிப் பார்க்கும் வசதியும் உண்டு. ஆசைப்பட்ட மாடல் கண்முன் நிற்கும்போது இந்தப் பொறுமை பலருக்கு இருப்பதில்லை.

கார் கிடைத்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கலாம். அது இப்போது வழக்குச் சொத்து. போலீஸ் நிலையத்தின் பின்புறம், விபத்தில் நசுங்கிய ஸ்கூட்டர்களுக்கும் மணல் லாரிக்கும் நடுவே வெயிலில் நிற்கும். வண்டிகளை இப்படி மட்க விடக்கூடாது, படமும் பத்திரமும் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்று 2002லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பதினான்கு நாட்களுக்குள் சொத்து விவரம் தயாராக வேண்டும், அதன்பின் முப்பது நாட்களுக்குள் கோர்ட் உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்று காலக்கெடுவே விதிக்கிறது. ஆனாலும் மனு போட வேண்டியவர் உரிமையாளர்தான். வக்கீலைப் பார்த்துவிட்டு, கார் நிற்கும் இடத்துக்குப் போய், அனுமதி பெற்று ஓர் உறையைப் போர்த்திவிட்டு வருவது நல்லது. ஒப்படைக்கும் நாளில் முன்பு எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். வீல் கப், ஸ்டெப்னி, ஜாக்கி, டாஷ்போர்டு கடிகாரம். புது பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டு போவதும் புத்திசாலித்தனம்.